பரிசல்காரர் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. சசிகலா டீச்சர் ஏழாம் வகுப்புக்குள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கரும்பலகைப் பக்கமும் போகவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். அருள்குமாரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அருள்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இன்னைக்கு நான் பேசப் போறதில்ல" என்றார் டீச்சர். "கதையப் பத்தி நீங்கதான் பேசணும். கலைமதி, முன்னால வந்து நடத்து."

கலைமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் பின்னால் வேறு கலைமதி யாராவது இருக்கிறாளா என்றுகூடத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பள்ளியில் ஒரே ஒரு கலைமதிதான் இருந்தாள்.

பென்னாகரத்திலிருந்து வரும் டவுன் பஸ் வந்து திரும்பும் கடைசி ஊர் அது. ஏழாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். திங்கட்கிழமையே டீச்சர் நூலக அலமாரியிலிருந்து ஒரு சிறிய கதைப் புத்தகத்தைப் பெஞ்சுக்கு இரண்டு வீதம் கொடுத்திருந்தார். 'கரையில் நின்ற பையன்' என்ற கதையை எல்லோரும் படித்துவிட்டு வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். கலைமதி அதை நான்கு முறை படித்திருந்தாள். அதனால்தான் மாட்டிக்கொண்டோம் என்று இப்போது தோன்றியது.

அவள் எழுந்து முன்னால் போனாள். 

"கதையோட பேரு என்ன?" என்று கேட்டாள்.

எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

"கதையில யார் யார் வராங்க?"

அதையும் சேர்ந்தே சொன்னார்கள்.

கலைமதி தன்னிடம் இருந்த கேள்வி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. இன்னும் முப்பத்தேழு நிமிடம் இருந்தது. டீச்சர் உதவிக்கு வருவார் என்று பார்த்தாள். டீச்சரோ ஜன்னல் வழியாகப் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை பெரியது இல்லை. ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. அக்கரையில் ஒரு பையனுக்கு உதவித்தொகைத் தேர்வு. அவன் ஓடி வருகிறான். துறையில் ஒரே ஒரு பரிசல். மூங்கிலால் பின்னிய, வட்டமான அந்தப் படகில் ஏற்கெனவே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "என்னையும் ஏத்திக்கங்க" என்று பையன் அழுகிறான். பரிசல்காரர் முடியாது என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் போடுகிறார். பரிசல் போகிறது. பையன் கரையில் நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

"பரிசல்காரர் செஞ்சது சரியா, தப்பா?" என்று கலைமதி வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

வகுப்பு வெடித்தது.

தப்பு, தப்பு என்று நாலா பக்கமிருந்தும் சத்தம். அருள்குமார் பக்கத்தில் டீச்சர் இருப்பதையே மறந்துவிட்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றான். ஒரு சின்னப் பையன் என்ன கனமா இருப்பான், கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தால் ஆகாதா என்று கேட்டான். அந்தப் பையனின் படிப்பே போயிற்று என்றாள் பிரியதர்ஷினி. அவனைப் பார்த்துக்கொண்டே எப்படிப் போக மனசு வந்தது என்றான் இன்னொருவன். எப்போதும் வாயே திறக்காதவர்கள்கூடக் கை தூக்கினார்கள்.

கலைமதிக்கு நம்பவே முடியவில்லை. ஒரே ஒரு கேள்விக்கு இவ்வளவு சத்தமா? பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கை தூக்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். சாக்பீஸ் எடுத்து, பலகையில் பெரிய எழுத்தில் 'பரிசல்காரர் = கல்நெஞ்சர்' என்று எழுதினாள்.

உற்சாகத்தில் ஒன்று சொல்லவும் தோன்றியது.

"அந்த ஆளுகிட்ட துடுப்பு மட்டும்தான் இருக்கு. இதயம் இல்ல."

வகுப்பு கைதட்டியது. டீச்சரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்.

அப்போது இரண்டாவது பெஞ்சிலிருந்து லூர்துமேரி எழுந்தாள்.

லூர்துமேரி ஜூன் மாதம்தான் இந்தப் பள்ளியில் சேர்ந்தாள். சேர்ந்த ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்க அவளுக்கு நண்பர்கள் ஆகிவிட்டார்கள். கோ-கோ விளையாட்டில் அவளைத் தொட ஆள் கிடையாது. சத்துணவு அறிவிப்பைக்கூடத் தொலைக்காட்சிச் செய்தி போல வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பாள். கலைமதிக்குப் பக்கத்து இடம் அவளுடையது. இப்போதும் ஏதோ வேடிக்கையாகச் சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

மேரியோ நேராகப் பலகைக்கு வந்தாள். கலைமதி எழுதியிருந்ததை வெறும் கையால் அழித்தாள். ஒருமுறை அழித்தும் போதாமல் மறுபடியும் அழுத்தித் தேய்த்தாள். பிறகு கலைமதியைப் பார்த்தாள். அவள் கண் சிவந்திருந்தது. அப்படியே வகுப்பை விட்டு வெளியே போய்விட்டாள்.

கலைமதியின் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அந்தச் சின்னச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது.

டீச்சர் எழுந்து வேகமாக வெளியே போனார். குழாயடியில் நின்று மேரி முகம் கழுவிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. டீச்சர் ஏதோ கேட்டார். மேரி ஒன்றும் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினாள். மணி அடிக்கும்வரை அவள் உள்ளே வரவில்லை.

திங்கட்கிழமை மேரி பள்ளிக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

கலைமதி காலியாக இருந்த பக்கத்து இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேரிக்குக் காய்ச்சலாக இருக்கும் என்றான் அருள்குமார். கலைமதிக்கு அப்படித் தோன்றவில்லை. கதைப் புத்தகம் கையில் வந்த திங்கட்கிழமையிலிருந்தே மேரி ஒரு வேடிக்கையும் செய்யவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐந்து நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தான் அதைக் கவனிக்கவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி விட்டதும் அவள் மேரி தங்கியிருந்த அத்தை வீட்டுக்குப் போனாள். அத்தை ராணியம்மாள் தக்காளி பறிக்கும் வேலைக்குப் போயிருந்தார். மேரி வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கலைமதி வந்ததைப் பார்த்தாள். ஆனால் நிமிரவில்லை.

கலைமதி எதிரே உட்கார்ந்து தானும் ஒரு கை காயை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

"தோலயும் முறத்துலயே போடற பாரு" என்றாள் மேரி.

கலைமதி அவசர அவசரமாகத் தோலைப் பொறுக்கினாள். மேரி இன்னும் சிரிக்கவில்லை.

"எங்கப்பா பரிசல் ஓட்டினவரு" என்றாள். "உனக்குத் தெரியாதுல்ல?"

கலைமதியின் கை நின்றுவிட்டது. மேரியின் அப்பா மாதேஸ்வரன் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மேரி தலையைக் குனிந்தபடியே சொன்னாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒகேனக்கல்லைத் தாண்டிக் கீழே ஒரு சின்னத் துறையில் அவள் அப்பா பரிசல் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் ஆற்றில் தண்ணீர் அதிகம். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது ஓர் அம்மா ஓடி வந்தார். அக்கரையில் அவருடைய மகளுக்குப் பிரசவம். மேரியின் அப்பா முடியாது என்று இரண்டு தடவை சொன்னார். அந்த அம்மா அழுதார். பரிசலில் இருந்தவர்களும் பாவம், ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்பா ஏற்றிக்கொண்டார்.

நடு ஆற்றில் பரிசல் சுழன்றது. பயத்தில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். பரிசல் கவிழ்ந்துவிட்டது. அப்பா ஒவ்வொருவராக ஐந்து பேரைக் கரை சேர்த்தார். ஆறாவது ஆளைத் தேடித் தேடிப் பார்த்தார். அந்த அம்மா கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தான் சொன்ன வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கலைமதிக்கு நினைவுக்கு வந்தன. துடுப்பு மட்டும்தான் இருக்கு, இதயம் இல்ல. அதற்கு எத்தனை பேர் கைதட்டினார்கள்.

"அதுக்கப்புறம் எங்கப்பா துடுப்பையே தொடல" என்றாள் மேரி. "ஆத்தப் பத்திப் பேசினாலே எழுந்து போயிடுவாரு. ஊர்ல எல்லாரும் அவர மனுசனக் கொன்னவன்னு சொன்னாங்க. ஏத்திக்கங்கன்னு சொன்னவங்களும் அப்படித்தான் சொன்னாங்க. சரின்னு சொன்னா கொன்னவன். முடியாதுன்னு சொன்னா கல்நெஞ்சன். அப்ப எங்கப்பா என்னதான் சொல்லியிருக்கணும்? நீயே சொல்லு."

கலைமதி யோசித்தாள். நன்றாக யோசித்தாள். ஏதாவது சொல்லி மேரியைச் சமாதானம் செய்ய வேண்டும் போல இருந்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியல மேரி" என்றாள்.

மேரி முதன்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"இத்தன நாள்ல யாருமே தெரியலன்னு சொன்னதில்ல" என்றாள் மெதுவாக.

கிளம்பும்போது, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மேரி கேட்டுக்கொண்டாள். கலைமதி சத்தியம் செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கதைப் புத்தகத்தை எடுத்தாள். ஐந்தாவது முறையாகப் படித்தாள். இந்த முறை பையனோடு சேர்ந்து ஓடாமல், பரிசல்காரரையே பார்த்துக்கொண்டு படித்தாள். பதினான்காம் பக்கத்துக்கு வந்ததும் திடுக்கிட்டாள்.

'பரிசல்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பில் அவர் கை நடுங்கியது.'

இப்படி ஒரு வரி இருந்ததா? நான்கு முறை படித்தும் கண்ணில் படவில்லையே. யாராவது நேற்று இரவு வந்து எழுதிவிட்டுப் போனது போல அந்த வரி அங்கே இருந்தது. மேசையில் கிடந்த தங்கையின் பென்சிலை எடுத்து அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். நூலகப் புத்தகமாயிற்றே என்று நினைவு வந்ததும், அதையும் அழித்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் டீச்சரிடம் போய், இந்த வெள்ளிக்கிழமையும் தானே நடத்தட்டுமா என்று கேட்டாள். இந்த வாரம் அருள்குமாரின் முறை, வேறு கதை என்று டீச்சர் சொன்னார்.

"இந்தக் கதைய நான் தப்பா முடிச்சுட்டேன் டீச்சர். ஒருபக்கமாவே நடத்திட்டேன்."

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். மேரி ஏன் எழுந்து போனாள் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் டீச்சர். ஆனா சொல்ல மாட்டேனுங்க."

திட்டு விழும் என்று கலைமதி நினைத்தாள். டீச்சர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அன்னைக்குப் பின்னால உக்காந்து நானும்தான் கைதட்டினேன்" என்றார். "நானும் யோசிக்கல கலைமதி."

ஒரு டீச்சர் இப்படிச் சொல்லிக் கலைமதி இதுவரை கேட்டதே இல்லை. வணக்கம் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அருள்குமாரிடம் முறையை விட்டுக்கொடுக்கக் கேட்பதுதான் பெரிய வேலை என்று அவள் நினைத்திருந்தாள். அவன் அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே தலையாட்டினான். வெள்ளிக்கிழமைக்கு என்ன காய்ச்சல் வரவழைப்பது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தானாம்.

வியாழக்கிழமை மாலை அவள் மறுபடியும் மேரியைப் பார்க்கப் போனாள். "உங்கப்பாவப் பத்தி ஒரு வார்த்தகூடச் சொல்ல மாட்டேன். கதையப் பத்தி மட்டும்தான் பேசுவோம். நீ வருவியா?" என்று கேட்டாள். மேரி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் மேரி வரிசையில் நின்றாள். வகுப்புக்கு வந்த மேரி தன் பழைய இடத்தில் உட்காரவில்லை. கதவோரம் இருந்த பெஞ்சுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து எழுந்து வெளியே போவது சுலபம்.

கடைசிப் பாடவேளை வந்தது. கலைமதி முன்னால் போனாள்.

"போன வாரம் நாம முடிவு கட்டிட்டோம்" என்றாள். "நான்தான் பலகையில எழுதினேன். நான் ஒரு வரியப் படிக்காம விட்டுட்டேன். நீங்களும் விட்டிருப்பீங்க. பதினாலாம் பக்கம் எடுங்க."

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிரியதர்ஷினி அந்த வரியை உரக்கப் படித்தாள். துடுப்பில் அவர் கை நடுங்கியது.

போன வாரம் இந்த வரி எங்கே போயிருந்தது என்று ஒருவன் கேட்டான். குளிரில் நடுங்கியிருக்கும் என்றான் அருள்குமார். ஐந்து பேரை வைத்துத் துடுப்புப் போடுகிறவருக்கு வேர்க்குமே தவிர எப்படிக் குளிரும் என்று பிரியதர்ஷினி மடக்கினாள்.

கலைமதி கயிறும் சாக்பீஸும் கொண்டுவந்திருந்தாள். கதையில் ஏழடிப் பரிசல் என்று இருந்தது. பெஞ்சுகளைத் தள்ளிப் போடச் சொல்லி, மூன்றரை அடிக் கயிற்றைச் சுற்றி இழுத்துத் தரையில் ஒரு வட்டம் போட்டாள். ஐந்து பேரை அதற்குள் உட்காரச் சொன்னாள். அவர்களோடு அருள்குமாரைப் பரிசல்காரராக உட்காரவைத்து, கையில் ஓர் ஒட்டடைக் கம்பைக் கொடுத்தாள். அவன் கம்பை ஆட்டிய ஆட்டலில் தலைக்கு மேல் சிலந்தி வலை அறுந்து விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

இருபத்தோரு பேரும் வட்டத்தைப் பார்த்தார்கள். இவ்வளவுதானா பரிசல் என்று யாரோ கேட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டிருந்தார்கள்.

கலைமதி வட்டத்துக்கு வெளியே நின்றாள். இப்போது அவள்தான் அந்தப் பையன்.

"அண்ணா, எனக்குப் பரீட்சை. என்னையும் ஏத்திக்கங்க அண்ணா."

"வா, வா, ஏறு" என்றான் அருள்குமார் தாராளமாக.

கலைமதி ஏறவில்லை. பரிசலில் இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, இன்னும் ஒரு ஆள் ஏறினால் கவிழ்ந்தாலும் கவிழ்ந்துவிடும், உங்களுக்குச் சம்மதமா? முதல் இரண்டு பேர் சம்மதம் என்றார்கள். மூன்றாவதாக இருந்தவள் எழுந்துகொள்ளப் பார்த்தாள். நான்காமவன், தனக்கு நீச்சல் தெரியாது என்று நிஜமாகவே பயந்த குரலில் சொன்னான்.

அருள்குமாரின் சிரிப்பு குறைந்தது. "சரி, அப்படின்னா முடியாது தம்பி" என்றான்.

"என் படிப்பே போயிடும் அண்ணா" என்றாள் கலைமதி. அவள் குரல் உடைந்தது. அது நடிப்பா நிஜமா என்று யாருக்கும் தெரியவில்லை. "ஒரே ஒரு ஆள்தானே. என்னப் பாத்துக்கிட்டே எப்படிண்ணா போவீங்க?"

அது போன வாரம் இந்த வகுப்பு கேட்ட அதே கேள்வி. அருள்குமார் அவளைப் பார்த்தான். தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும் பார்த்தான். கடைசியில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நீ திரும்பிப் பாக்கல" என்றாள் பிரியதர்ஷினி. "கதையில வர்ற மாதிரியே."

யாரும் சிரிக்கவில்லை. அருள்குமார் தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டான். இது வெறும் சாக்பீஸ் வட்டம்தான், கீழே இருப்பது சிமெண்டுத் தரைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் வகுப்பே ஆற்று நடுவில் மாட்டிக்கொண்டது போல ஆகிவிட்டது.

அப்போது கதவோரம் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. மேரி எழுந்து நின்றாள். போகப் போகிறாள் என்று நினைத்துக் கலைமதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்படி உக்காரக் கூடாது" என்றாள் மேரி.

கலைமதி கண்ணைத் திறந்தாள். மேரி வட்டத்தின் அருகே வந்து நின்றிருந்தாள்.

"கனமா இருக்கறவங்க எதிர் எதிரா உக்காரணும். எல்லாரும் ஒரு பக்கம் வந்தா கவுந்துடும். தண்ணி சுத்தும்போது பயமாத்தான் இருக்கும். அப்பவும் நகரக் கூடாது." அவள் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு இடம் மாற்றி உட்காரவைத்தாள். கம்பைப் பிடிக்கும் விதத்தையும் அருள்குமாருக்குக் காட்டினாள்.

"உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று அவன் கேட்டான்.

கலைமதி குறுக்கே புகுந்து பேச்சை மாற்றப் பார்த்தாள். மேரி அவளைப் பார்த்து வேண்டாம் என்பது போலத் தலையசைத்தாள்.

"எங்கப்பா பரிசல் ஓட்டினாரு" என்றாள். "அவரு ஆறாவது ஆள ஏத்திக்கிட்டாரு."

பிறகு நடந்ததை எல்லாம் சொன்னாள். நின்றபடியே, சத்தமில்லாமல், ஒரு தடவையும் அழாமல் சொன்னாள். வட்டத்துக்குள் இருந்தவர்கள் அசையவே இல்லை. பிரியதர்ஷினி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கடைசி பெஞ்சில் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். ஆனால் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

மேரி சொல்லி முடித்தாள்.

அருள்குமார்தான் முதலில் பேசினான். ஒட்டடைக் கம்பைக் கீழே வைத்துவிட்டு, "போன வாரம் நான்தான் ரொம்பக் கத்தினேன்" என்றான்.

"நீ எந்த வாரம் கத்தல?" என்றாள் மேரி.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேரியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கலைமதி சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினாள். இந்த முறை ஒரு கேள்வியை எழுதினாள். 'பரிசல்காரர் என்ன சொல்லியிருக்க வேண்டும்?'

கைகள் உயர்ந்தன. முதலில் இறங்கி ஐந்து பேரையும் கேட்டிருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. பரிசலில் இருந்த பெரியவர் யாராவது இறங்கி இடம் கொடுத்திருக்கலாமே, பழியெல்லாம் பரிசல்காரருக்கு மட்டும் ஏன் என்றான் இன்னொருவன். யாரும் கத்தவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டார்கள். மணி அடித்தபோது முடிவு எதுவும் வந்திருக்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை பேசிக்கொண்டே போனதில் நான்கு பேர் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கலைமதி மேரியின் அத்தை வீட்டில் இருந்தபோது பெங்களூரிலிருந்து மாதேஸ்வரன் போன் செய்தார். வாரத்துக்கு ஒருமுறை அந்த நேரத்தில்தான் அவர் பேசுவார். மேரி ஸ்பீக்கரைப் போட்டாள். வகுப்பில் நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

மறுமுனையில் பேச்சே இல்லை.

போனை வைத்துவிடுவாரோ என்று கலைமதி நினைத்தாள். மேரி உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பேசும் நொடிகள் அதில் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்தக் கதையப் படிச்சுக் காட்டு கண்ணு" என்றார் மாதேஸ்வரன்.

இரண்டு பேரும் திகைத்துப் போனார்கள். ஆற்றைப் பற்றிப் பேசினாலே எழுந்து போய்விடுகிறவர் கதை கேட்கிறார். மேரி ஒரு பக்கமும் கலைமதி ஒரு பக்கமுமாகப் படித்தார்கள். பதினான்காம் பக்கம் வந்தபோது மேரியின் குரல் கொஞ்சம் தடுமாறியது. கலைமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சுச் சத்தம் கேட்டது. பையன் கரையில் நின்றான். கதை முடிந்தது.

"அப்புறம் அந்தப் பையன் எப்படிப் போனான்?" என்று மாதேஸ்வரன் கேட்டார்.

கலைமதியும் மேரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரம் வகுப்பே சண்டை போட்டது. அந்தப் பையனுக்காக எவ்வளவு பேசினார்கள். அவன் பிறகு எப்படிப் போனான் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

"கதையில அது இல்லப்பா" என்றாள் மேரி.

"இல்லன்னா விட்டுடறதா? பையன் கரையிலயே நிக்கறானே" என்றார் அவர். "அந்தப் பரிசல் திரும்பி வரும்ல? ஆளுங்கள எறக்கி விட்டுட்டு அவரு நிச்சயமா வருவாரு. பரீட்சை எத்தன மணிக்குன்னு போட்டிருக்கு, பாரு."

மேரி அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினாள். பையன் ஒன்பது மணிக்குத் துறைக்கு வருகிறான், பத்து மணிக்குத் தேர்வு என்று இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அப்படியானால் நேரம் போதும் என்றார் மாதேஸ்வரன். வெள்ளத்தில் இக்கரைக்குத் திரும்ப அரைமணி நேரம் ஆகுமே என்றாள் கலைமதி. நல்ல பரிசல்காரருக்கு ஆகாது என்றாள் மேரி. எந்த இடத்தில் தண்ணீரை எப்படி வெட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மாதேஸ்வரன் விளக்கத் தொடங்கினார். போனில் சார்ஜ் தீரும்வரை மூன்று பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.